கோணமலைக் கோட்டையில் ஒரு பகல்

பழைய கோட்டை ஒன்றைக் கண்டு வருவது உலகெங்கும் மக்கள் விரும்பும் ஒருநாட் பயணம். அயர்லாந்து தேசத்தில் டப்ளின் நகரத்தவர் காலையிற் புறப்பட்டு, மீத் மாவட்டத்திலுள்ள டிரிம் கோட்டையைச் சுற்றிப் பார்த்து, மாலையில் வீடு திரும்புவர். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னர் நோர்மானியப் பிரபுக்கள் எழுப்பிய அக்கோட்டையில் இன்று உயர்ந்த கற்சுவர்கள் நிற்கின்றன; அங்கே வாழ்வார் எவரும் இல்லை. ஐரோப்பாவிலே கோட்டை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முடிந்துபோன வாழ்வின் ஓட்டைத்தான் பார்த்து வருகின்றனர்.

ஈழத்தின் கீழ்க்கரையில், திருக்கோணமலையில், அவ்வாறன்றி வேறொரு கோட்டை உண்டு. பிரெடரிக் கோட்டை என்பது அதன் பெயர். அதைக் காணச் செல்பவருள் பெரும்பாலோர் கோட்டையைக் காணச் செல்வதே இல்லை. கையில் தேங்காயும் பழமும் கர்ப்பூரமும் ஏந்திய மக்கள் அதன் வாயிலினுட் புகுந்து, மதிலையும் கொத்தளத்தையும் திரும்பியும் பாராமல் மலையேறுகின்றனர். அவர்களுக்கு அது கோயிலுக்குப் போகும் வழி. இந்தக் கோட்டையின் வரலாறு முழுவதும் அந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது. எதை அழித்து இக்கோட்டை கட்டப்பட்டதோ, அதை நாடியே மக்கள் இன்றும் இதனுள் நுழைகின்றனர்.

நகரின் கடலோர மைதானத்தைக் கடந்து கிழக்கு நோக்கி நடப்பவருக்கு நிலத்தின் அமைப்பு விளங்கும். கரையிலிருந்து ஒரு மலைமுனை கடலுள் நீண்டு செல்கிறது. அதன் வடபுறத்தும் தென்புறத்தும் கடல் வளைந்து கிடக்கிறது. கீழ்க்கோடியில் பாறை செங்குத்தாக அலைகளுக்குள் இறங்குகிறது. நிலத்தோடு அதனை இணைப்பது ஒடுங்கிய கழுத்துப் பகுதி ஒன்றே. அக்கழுத்தின் குறுக்கே மதில் எழுப்பிவிட்டால் மற்றப் பக்கங்களைக் கடலும் பாறையும் காத்துக்கொள்ளும். கோட்டை கட்டுவோர் கண்ணுக்கு இதனினும் வாய்ப்பான இடம் அரிது. தெய்வத்தை நாடுவோர் கண்ணுக்கும் அவ்வாறே. ஆதலால் கோயில் முன்னரும் கோட்டை பின்னரும் ஒரே பாறையைத் தேர்ந்துகொண்டன.

கோட்டைக்கு மற்றொரு காரணமும் இருந்தது. மலைமுனைக்குத் தெற்கேயும் மேற்கேயும் உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று பரந்திருக்கிறது. ஐப்பசி மாதத்தில் வடகீழ்ப் பருவக்காற்று எழும்போது சோழமண்டலக் கரை முழுவதிலும் ஒரு போர்க்கப்பலுக்குப் புகலிடம் கிடையாது. மதராசிலும் கடலூரிலும் நாகபட்டினத்திலும் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட வேண்டியிருந்தன. புயலுக்கு அஞ்சிய கப்பற்படை குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போய்விடும். திரும்பி வருவதற்கு மாதங்கள் செல்லும். அந்த இடைக்காலத்திலே கிழக்குக் கரை காவலின்றிக் கிடக்கும். திருக்கோணமலை எவர் கையில் உள்ளதோ அவருடைய கப்பல்கள் மட்டும் எப்பருவத்திலும் வங்கக் கடலை விட்டு நீங்காமல் இருக்கலாம். ஐரோப்பிய வல்லரசுகள் பல இச்சிறு ஊருக்காக நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் போரிட்டமைக்கு இதுவே காரணம்.

காலை வேளையில் கோட்டை வாயிலை அடையும் பயணி அங்கே சற்று நிற்றல் வேண்டும். வாயிலின் கற்களுள் ஒன்றில் இரு மீன்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவை பாண்டியர் இலச்சினையாகிய இணைக்கயலை நினைவூட்டுவன. அருகே தமிழெழுத்தில் ஒரு சாசனம் இருக்கிறது. பல எழுத்துகள் சிதைந்து போயின; எஞ்சியவற்றுள் குளக்கோட்டன் என்னும் பெயரும் பறங்கி என்னும் சொல்லும் படிக்கப்பட்டுள்ளன. குளக்கோட்டன் முன்னர் செய்த திருப்பணியைப் பின்னர் பறங்கியர் அழிப்பர் என்று முன்னறிந்து கூறிய வாக்கு இஃது என்பது ஊரார் நம்பிக்கை. எழுத்தமைதியை ஆராய்ந்தவர்களுள் சிலரோ இதனைப் பதினாறாம் நூற்றாண்டளவில் வைப்பர். வாக்கு எக்காலத்தது ஆயினும், கல் எங்கிருந்து வந்தது என்பதில் ஐயம் இல்லை. அது கோயிற்கல். கோயிலை இடித்தவர்கள் அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினர்.

அக்கோயிலின் தொன்மை மிகப் பெரிது. கி. பி. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணமலை இறைவனைப் பதிகம் பாடிப் போற்றியுள்ளார். தேவாரப் பாடல் பெற்ற ஈழத்துத் தலங்கள் இரண்டே. ஒன்று மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம், மற்றது இது. குளக்கோட்டன் என்னும் அரசன் இக்கோயிலுக்குத் திருப்பணி செய்தான், கந்தளாய்க் குளத்தைக் கட்டி வயல்களை மானியமாக்கினான் என்று கோணேசர் கல்வெட்டு முதலிய நூல்கள் கூறும். கோட்டைக்குள்ளேயே கண்டெடுக்கப்பட்ட வேறொரு சாசனத் துண்டு, கிரந்த எழுத்திலும் வடமொழியிலும் அமைந்தது, சோடகங்கன் என்னும் தலைவன் சகம் 1145ஆம் ஆண்டில், அதாவது கி. பி. 1223இல், இலங்கைக்கு வந்ததைக் குறிப்பிடுகிறது. சோழரும் பாண்டியரும் கலிங்கரும் வந்து போன காலங்கள் அனைத்திலும் இப்பாறை கோயிற்பாறையாகவே இருந்தது.

அதனை முதன்முதற் கோட்டையாக்க முயன்றவர்கள் போர்த்துக்கேயர் அல்லர் என்பது பலர் அறியாத செய்தி. 1620ஆம் ஆண்டில் ஓவே கெத்தே என்னும் தலைவனின் கீழ் டென்மார்க்கு நாட்டுக் கப்பல்கள் இங்கு வந்தன. கண்டியரசன் செனரதன் போர்த்துக்கேயரை எதிர்க்கத் துணை தேடிக்கொண்டிருந்த காலம் அது. டேனியர் கோயிற்பாறையில் அரண் கட்டும் வேலையைத் தொடங்கினர். ஆனால் அதை முடிக்கவில்லை. கண்டியோடு அவர்கள் கொண்ட உறவு நிலைக்கவில்லை. அதே பயணத்திலே தஞ்சை நாயக்க மன்னன் இரகுநாதன் அளித்த தரங்கம்பாடியில் அவர்கள் அமர்ந்து கொண்டனர். தரங்கம்பாடிக் கடற்கரையில் இன்றும் நிற்கும் டேனியக் கோட்டையைக் கண்டவர்கள், அதற்குத் தமக்கை முறையான கோட்டை ஒன்று கோணமலையில் தொடங்கிக் கைவிடப்பட்டது என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

டேனியர் வரவு போர்த்துக்கேயரை விழிப்புறச் செய்தது. அந்நியர் எவரும் இத்துறைமுகத்தில் கால் ஊன்றாதபடி தாமே அதனைக் கைக்கொள்ள வேண்டும் என்று போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ டீ சா முடிவு செய்தான். 1622 முதல் 1624 வரையான ஆண்டுகளில் கோயில் தகர்க்கப்பட்டது. முக்கோண வடிவான கோட்டை எழுந்தது. சித்திரைப் புத்தாண்டு நாளில் இறைவன் திருவுலாச் சென்றிருந்த வேளை பார்த்துப் போர்த்துக்கேயர் கோயிலுட் புகுந்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. மலையுச்சியில் ஒன்றும் இடையில் ஒன்றும் அடிவாரத்தில் ஒன்றுமாக மூன்று கோயில்கள் இருந்தன என்று பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதிய குவேறோஸ் பாதிரியார் குறிப்பிடுகிறார். இடித்தவர்களின் இனத்தைச் சேர்ந்தவரே எழுதி வைத்தமையால் அக்குறிப்புக்குத் தனி மதிப்பு உண்டு.

கற்களைக் காக்க முடியாத மக்கள் திருவுருவங்களைக் காக்க முயன்றனர். சிலவற்றை மண்ணிற் புதைத்தனர். சிலவற்றை உள்நாட்டுக்கு எடுத்துச் சென்றனர். நகரத்துக்குத் தென்மேற்கே வயல்களின் நடுவே தம்பலகாமத்தில் எழுந்த ஆதிகோணேசர் கோயில் அவ்வாறு இடம்பெயர்ந்த வழிபாட்டின் தொடர்ச்சி என்று கருதப்படுகிறது. டீ சாவோ 1630இல் ஊவாப் பகுதியில் ரந்தெனிவலையிலே கண்டிப் படையோடு பொருது மாண்டான். அவன் கட்டிய கோட்டை அவனுக்குப் பின் பத்தாண்டும் நிற்கவில்லை.

1639ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தோனியோ கான் என்பவனின் தலைமையில் ஒல்லாந்தர் படை வந்தது. கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி வந்த படை அது. சில நாட் பீரங்கி வேட்டிலே போர்த்துக்கேயர் பணிந்தனர். மறு ஆண்டில் கோட்டை அரசனிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசன் அதை இடிப்பித்தான். தன் நாட்டின் கரையில் அந்நியரின் அரண் எதுவும் நிற்கலாகாது என்பது அவன் எண்ணம். ஆனால் இடித்த இடத்தைக் காக்க அவனிடம் கப்பற்படை இல்லை. வேறு ஐரோப்பியர் வந்து அமர்ந்துவிடுவர் என்று அஞ்சிய ஒல்லாந்தர் 1665இல் மீண்டும் வந்து பாறையைக் கைப்பற்றிக் கோட்டையைப் புதுக்கினர். அவர்கள் அஞ்சியபடியே 1672இல் தெ லா ஹே என்னும் தளபதி பிரெஞ்சுக் கப்பற்படை ஒன்றுடன் கொட்டியாற்றுக் குடாவில் வந்து இறங்கினான். ஒல்லாந்தர் அப்படையை விரட்டிய பின்னர் அரணை மேலும் வலுப்படுத்தினர். உட்டுறைமுகத்தின் வாயிலைக் காப்பதற்கு ஒஸ்தன்பேர்க் என்னும் இரண்டாவது கோட்டையும் அவர்களாலேயே அமைக்கப்பட்டது.

நூறு ஆண்டுகளுக்கு மேலாக அமைதி நிலவியது. அதன் பின்னர் வந்த 1782ஆம் ஆண்டு இக்கோட்டையின் வலிமையையும் வலியின்மையையும் ஒருங்கே காட்டிவிட்டது. அமெரிக்க விடுதலைப் போர் ஐரோப்பியப் போராக விரிந்து ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் பகைவராயிருந்த காலம். ஆங்கிலக் கடற்படைத் தலைவன் எட்வேட் ஹியூஸ் 1781 கார்த்திகையில் நாகபட்டினத்தைப் பிடித்த கையோடு திருக்கோணமலைக்கு வந்தான். 1782 சனவரி மாதத்தில் மலைமுனைக் கோட்டையும் பின்னர் 11ஆந் தேதி ஒஸ்தன்பேர்க்கும் அவன் வசமாயின. ஏழு மாதமே சென்றன. ஆகஸ்ட் மாத இறுதியில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன் சுஃப்ரேன் வந்து படையிறக்கினான். ஆங்கிலக் காவற்படை சிறிது. உதவிக்கு வரவேண்டிய ஹியூஸின் கப்பல்கள் வழியில் இருந்தன. காவற்படை பணிந்து, மதராசுக்கு அனுப்பப்பெற்றது. செப்டெம்பர் 2ஆந் தேதி மாலையில் ஹியூஸ் துறைமுகத்தை அணுகியபோது கோட்டையின் மேல் பிரெஞ்சுக் கொடி பறந்தது. மறுநாள் இரு படைகளும் கடலிற் பொருதன; வெற்றி எவர்க்கும் துணியப்படவில்லை. கோட்டை பிரெஞ்சுக்காரரிடமே தங்கியது. போர் முடிந்து உடன்படிக்கை ஆனபின் அது மீண்டும் ஒல்லாந்தரைச் சேர்ந்தது.

ஓராண்டுக்குள் மூன்று கொடிகளைக் கண்ட கோட்டை அது. மதில் பழுதுபட்டதனால் மட்டும் அஃது இவ்வாறு கைமாறியதன்று. கடலிலிருந்து வரும் பகையைத் தடுக்கக் கடலிலேயே படை வேண்டும். உணவும் மருந்தும் வெடிமருந்தும் கப்பலில் வந்தாலன்றி மலைமுனையில் அகப்பட்ட காவற்படை நெடுநாள் தாங்காது. மூன்று பக்கமும் காக்கின்ற கடலே மூன்று பக்கமும் முற்றுகையிடும் கடலாகவும் மாறும். இவ்வுண்மையை ஒவ்வோர் ஆட்சியும் மறந்து, மதிலை மேலும் தடிப்பாக்கிக்கொண்டே வந்தது.

1795இலும் அதுவே நிகழ்ந்தது. பிரான்சின் புரட்சிப் படைகள் ஒல்லாந்தைக் கைக்கொண்டன. ஒல்லாந்து அரசத் தலைவன் இங்கிலாந்துக்கு ஓடிச்சென்று, தன் நாட்டின் குடியேற்றங்களை ஆங்கிலேயர் காவலில் விடுமாறு ஓலை எழுதினான். கோணமலைக் காவற்படை அவ்வோலைக்கு இணங்கவில்லை. கடற்படைத் தலைவன் ரெய்னியரும் கேணல் ஸ்டுவட்டும் முற்றுகையிட்டனர். பீரங்கிகள் மதிலைப் பிளந்தன. ஆகஸ்ட் 26ஆந் தேதி கோட்டை பணிந்தது; சில நாட்களில் ஒஸ்தன்பேர்க்கும் பணிந்தது. இலங்கைக் கரையோரம் முழுவதும் ஆங்கிலேயருக்கு உரியதாவதற்கு இது முதற்படி. 1803இல், மூன்றாம் ஜோர்ஜ் மன்னனின் இரண்டாம் மகனாகிய யோர்க் கோமகன் பிரெடரிக்கின் பெயர் கோட்டைக்குச் சூட்டப்பட்டது. அக்கோமகன் இக்கோட்டையைக் கண்டவன் அல்லன்.

நண்பகலில் மலைப்பாதையிலே ஏறும் பயணி மரநிழலிற் படுத்திருக்கும் புள்ளிமான்களைக் காண்பார். மனிதரைக் கண்டு அஞ்சாத மான்கள் அவை; கையிலுள்ள பழத்தை நாடி அருகே வருவதும் உண்டு. பாதையை ஒட்டி ஓரிடத்தில் வெலிங்டன் மாளிகை என்று சொல்லப்படும் பழைய கட்டிடம் இருக்கிறது. இங்கேதான் அயர்லாந்தும் கோணமலையும் சந்திக்கின்றன. பின்னாளில் வெலிங்டன் கோமகனாகி 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லஸ்லி அயர்லாந்தில் 1769இற் பிறந்தவன். டிரிம் நகருக்கு அண்மையிலுள்ள டங்கன் மாளிகை அவனுடைய குடும்பத்தின் இருப்பிடம். அயர்லாந்துப் பாராளுமன்றத்தில் அவன் டிரிம் தொகுதியின் உறுப்பினனாகவும் இருந்தான். 1800ஆம் ஆண்டின் இறுதியில், கடல்கடந்து செல்லும் படை ஒன்றைத் திரட்டுவதற்காக அவனை அவனுடைய தமையனாகிய இந்தியத் தலைமை ஆளுநர் திருக்கோணமலைக்கு அனுப்பினான்.

இம்மாளிகையைக் காட்டுவோர் ஒரு கதை சொல்வதுண்டு. வெல்லஸ்லி இங்கே நோயுற்றுப் படுத்தான், அதனால் தான் ஏறவேண்டிய கப்பலைத் தவறவிட்டான், அக்கப்பல் கடலில் மூழ்கியது, இவ்வாறு கோணமலை அவன் உயிரைக் காத்தது என்பது கதை. கப்பல் மூழ்கியது உண்மை. சூசன்னா என்னும் அக்கப்பல் செங்கடலில் அதிலிருந்தோர் அனைவருடனும் அழிந்தது. நோயும் உண்மை. ஆனால் நோய் கண்ட இடம் பம்பாய். 1801 பெப்ரவரியில் அவன் கோணமலையிலிருந்து படையுடன் பம்பாய்க்குச் சென்றுவிட்டான். தலைமை வேறொருவருக்கு மாற்றப்பட்ட செய்தியை அறிந்து மனம் நொந்த நிலையிலே, அங்கே காய்ச்சலும் தோல்நோயும் அவனைப் பற்றின. ஊர்க்கதை இரண்டு உண்மைகளை எடுத்து இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டது. வீட்டைப் பார்க்க வரும் பயணிக்கு ஏதேனும் காட்டவேண்டும் என்னும் அன்பினால் எழுந்த பிழை எனலாம்.

மலையின் உச்சிப் பகுதியில் இன்னொரு கதை நிற்கிறது. பழைய கோயிற்றூண் ஒன்றில் ஒல்லாந்து மொழியில் பிரான்சினா வான் ரேட என்னும் பெண்ணின் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்னும் தேதியும் பொறிக்கப்பட்டுள்ளன. தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய காதலன் கண்ணெதிரே இப்பெண் பாறையிலிருந்து கடலிற் குதித்து இறந்தாள் என்று ஆங்கிலேயர் காலத்திற் பரவிய கதை கூறும். பாறைக்குக் காதலர் பாய்ச்சல் என்று ஆங்கிலேயர் பெயரும் இட்டனர். ஆயின் ஒல்லாந்தர் பதிவேடுகள் வேறு சொல்கின்றன. பிரான்சினா, ஒல்லாந்துக் கும்பினியின் பேராணையாளராயிருந்த ஹென்றிக் வான் ரேடயின் வளர்ப்பு மகள். மலையாள நாட்டு மூலிகைகளையும் மரங்களையும் பன்னிரண்டு பெருந்தொகுதிகளில் விளக்கும் ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் நூலை ஆக்குவித்தவர் அவர். தூணிற் பெயர் பொறிக்கப்பட்டுப் பல ஆண்டுகளின் பின்னரும் அவள் உயிருடன் இருந்து மணம் புரிந்தாள் என்று அப்பதிவேடுகளால் அறிகிறோம். இறக்காத பெண்ணுக்கு இறப்பைக் கற்பித்த கதையைக் கேட்டு மனம் உருகியோர் எத்தனையோ பேர். அவள் பெயரைத் தாங்கி நிற்கும் தூண் எந்தக் கோயிலிலிருந்து வந்தது என்று கேட்டவர் அவர்களுட் சிலரே.

கோட்டையின் உண்மையான கதை அந்த வினாவில் இருக்கிறது. கோயில் தகர்ந்தது, தூண் நின்றது. கோயில் தகர்ந்தபின் பாறையை நாடி வந்தோர் என்ன செய்தனர்? அதற்குச் சான்று கூறுபவரும் ஓர் அயர்லாந்துக்காரரே. பெல்பாஸ்ட் நகரிற் பிறந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்தார். 1859இல் வெளிவந்த தம் நூலில் அவர் இப்பாறையில் நடந்த வழிபாட்டை வருணிக்கிறார். அந்தி வேளையில் அந்தணர் ஒருவர் கடலுக்கு மேல் தொங்கும் பாறை விளிம்பில் நிற்பார்; மந்திரம் ஓதிக் காணிக்கைகளைக் கீழே கடலில் விடுவார்; ஈற்றில் தீச்சட்டியைத் தலைக்குமேல் உயர்த்துவார்; அவ்வொளி அலைகளின் மீது படரும்; மக்கள் வணங்குவர். அங்கே கோபுரம் இல்லை, கருவறை இல்லை, கூரையும் இல்லை. சுற்றிலும் ஆங்கிலேயப் படைவீரர் காவல். கோயிலை இடித்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலான பின்னும் வழிபாடு இவ்வாறு நடந்தது.

இதனை ஒரு நொடி எண்ணிப் பார்த்தல் நன்று. மதிலை நம்பியவர்கள் வரிசையாக வந்து வரிசையாகப் போயினர். 1624க்கும் 1795க்கும் இடையில் இப்பாறை போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், கண்டியர், மீண்டும் ஒல்லாந்தர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மீண்டும் ஒல்லாந்தர், மீண்டும் ஆங்கிலேயர் என எட்டு முறை கைப்பட்டது. அத்தனை காலத்திலும் மதிலும் இன்றிப் படையும் இன்றி அங்கே நிலைத்தது பாறை விளிம்பில் ஏற்றிய ஒரு தீபம். இதனைக் கொண்டு, இடிக்கப்பட்டதனால் இழப்பு இல்லை என்று எவரும் கூறலாகாது. ஆயிரம் ஆண்டு வளர்ந்த சிற்பமும் சாசனமும் நூற்சுவடியும் அழிந்தன, அவை மீளவில்லை. தீபம் எரிந்தது என்பதனால் தூண்களை உடைத்த கை நியாயம் பெற்றுவிடாது. எனினும் கற்களைப் பறித்தவர் பறிக்க இயலாதது ஒன்றும் அங்கே இருந்தது என்பதை வரலாறு காட்டுகிறது.

இருபதாம் நூற்றாண்டு இரு பாடங்களையும் மறுபடி கற்பித்தது. இரண்டாம் உலகப் போரில் திருக்கோணமலை பிரித்தானியரின் கீழைக் கடற்படைத் தளமாயிற்று. 1942 ஏப்ரல் 9ஆந் தேதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மேல் குண்டு வீசின. அன்றே, துறைமுகத்தை விட்டுச் சென்றிருந்த ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாலான கடலில் மூழ்கடிக்கப்பட்டது. வானிலிருந்து வந்த பகையைப் பழைய மதில் என்ன செய்யும்? 1948இல் நாடு சுதந்திரம் பெற்றது. 1957இல் கடற்படைத் தளமும் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. மூன்று நூற்றாண்டு அந்நியர் போட்டி அவ்வாறு முடிந்தது.

அதே ஆண்டுகளில் மண்ணும் கடலும் தாம் மறைத்து வைத்தவற்றைத் திருப்பித் தரத் தொடங்கின. 1950இல் கோட்டைக்கு அண்மையில் கிணறு தோண்டியோர் மண்ணுட் புதைந்திருந்த செப்புத் திருமேனிகளைக் கண்டெடுத்தனர். சோமாஸ்கந்தரும் சந்திரசேகரரும் அம்மையும் பிள்ளையாரும் அவற்றுள் அடங்குவர். பறங்கியர் கைக்குத் தப்ப யாரோ ஒருவர் அவசரமாகப் புதைத்துவைத்து, மீண்டும் எடுக்க வாய்ப்பின்றிப் போன உருவங்கள் அவை என்று கருதுதல் பொருந்தும். 1956ஆம் ஆண்டளவில் அறிவியல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் பாறையின் அடியிற் கடலுள் மூழ்கித் தேடியபோது, செதுக்கிய தூண்களும் கோயிற்கற்களும் நீருக்கடியிற் கிடக்கக் கண்டனர். கடலிலிருந்து ஒரு சிவலிங்கமும் எடுக்கப்பட்டது. புதிய கோயில் எழுந்தது. 1963இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. மண்ணிலிருந்து வந்த திருமேனிகள் மீண்டும் மலைக்குச் சென்றன.

பின்னர் உள்நாட்டுப் போரின் கொடிய ஆண்டுகள் வந்தன. 1983 முதல் 2009 வரை கோட்டை மறுபடியும் காவலிடமாயிருந்தது. வழிபட வந்தோர் சோதனைச் சாவடிகளைக் கடந்து மலையேறினர். இன்றும் கோட்டையின் ஒரு பகுதியில் இலங்கைத் தரைப்படையினர் தங்கியுள்ளனர். பௌத்த விகாரை ஒன்றும் கோட்டைக்குள் இருக்கிறது. ஒரே வாயிலால் படைவீரரும் அடியாரும் பௌத்த யாத்திரிகரும் பிறநாட்டுச் சுற்றுலாப் பயணிகளும் உட்புகுந்து வெளிவருகின்றனர். இடிப்பதும் பறிப்பதும் கண்ட பாறை இது. அதைப் பகிர்ந்து வாழக் கற்றுக்கொள்வது இன்றைய தலைமுறையின் பொறுப்பு.

மாலையில் கோயிலின் மணி ஒலிக்கும். பாறை விளிம்பில் நிற்பவர் கீழே நோக்கினால், ஆழத்தில் நீல நீர் கருங்கல்லில் மோதி வெண்ணுரையாகச் சிதறுவது தெரியும். இராவணன் வாளால் வெட்டியது என்று சொல்லப்படும் பிளவும் அங்கே காணப்படும். பூசை முடிந்து இறங்குகையில் வாயிற்கல்லை மீண்டும் ஒரு முறை பார்த்துச் செல்வது தகும். காலையில் அது கோட்டையின் கல்லாகத் தோன்றியிருக்கலாம். ஒரு பகலை இம்மலையில் செலவிட்டபின் அவ்வாறு தோன்றாது. அக்கல்லைப் பெயர்த்து வாயிலில் வைத்தவர்கள் அதைக் காக்க நினைத்தவர்கள் அல்லர். ஆயினும் மதிலில் அகப்பட்டமையால் அது கடலில் வீழாமல் எஞ்சிற்று. அதன் இரு மீன்களும் சிதைந்த தமிழெழுத்துகளும், தம்மைக் கடந்து கோயிலுக்குச் செல்லும் மக்களை நானூறு ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன.